டி. ரெக்ஸ் இசைக்குழுவின் எழுச்சியும் சரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டில்ஸைத் தெரியும், குயீனைத் தெரியும், டேவிட் போவியைக்கூடத் தெரியும், ஆனால் டி. ரெக்ஸைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிற ராக் ரசிகர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் குழுவின் பாட்டுகளைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன்.

டி. ரெக்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லண்டன்காரரான மார்க் போலன் பாட்டெழுதி, பாடி, கிடார் வாசித்து நடத்திய குழு. 1970 அக்டோபருக்கும் 1973 ஜூனுக்கும் இடையில் வந்த அவர்களுடைய 11 சிங்கிள்கள் (தனிப்பாட்டு இசைத்தட்டுகள்), இடையில் ஒன்றுகூடத் தவறாமல், பிரிட்டிஷ் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தன. அவற்றில் நான்கு முதலிடம் பிடித்தவை. 1975-இல் அதே குழுவின் ஆல்பம் ஒன்று தரவரிசையில் தலைகாட்டவே இல்லை. 1977 செப்டம்பரில் போலன் கார் விபத்தில் இறந்தார். அப்போது 30 வயது முடிய அவருக்கு இரண்டு வாரம் இருந்தது.

கிளாம் ராக் என்கிறார்களே, அது என்ன?

1960களின் கடைசியில் பிரிட்டிஷ் ராக் இசை ரொம்பவும் கனமாகிவிட்டது. ஒரு பாட்டு பதினைந்து நிமிடம், அதில் கிடார் தனியாவர்த்தனமே பாதி. வாசிப்பவர்கள் பழைய ஜீன்ஸோடு தலையைக் குனிந்து நிற்பார்கள். கேட்பவர்கள் கல்லூரி மாணவர்கள், தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். பீட்டில்ஸ் அலையின்போது சின்னக் குழந்தைகளாக இருந்து, 1971-இல் பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தொட்டவர்களுக்கு அதில் ஒட்டிக்கொள்ள எதுவுமே இல்லை.

அந்த வயதுக்காரர்களுக்காகவே வந்தது போலிருந்தது கிளாம். மூன்று நிமிடப் பாட்டு, காலைத் தட்டவைக்கும் தாளம், சாட்டின் உடை, உயரமான அடி வைத்த காலணி, ஆண்களின் முகத்தில் மை, ஜிகினா. இதற்கு டிவியும் கைகொடுத்தது. பிபிசியின் முதல் சேனல் 1969 நவம்பரில்தான் வண்ணத்துக்கு மாறியிருந்தது. டி. ரெக்ஸுக்குப் பின்னாலேயே ஸ்லேட், ஸ்வீட், ராக்ஸி மியூசிக், மாட் தி ஹூப்பிள் எனப் பலர் வந்தார்கள். ஆனால் கதவைத் திறந்தது போலன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போலன் எங்கிருந்து வந்தவர்?

கிழக்கு லண்டனின் ஹாக்னி. 1947 செப்டம்பர் 30-ஆம் தேதி மார்க் ஃபெல்ட் என்ற பெயரில் யூதத் தந்தைக்குப் பிறந்தார். அப்பா லாரி ஓட்டினார். அம்மா சோஹோவில் சந்தைக் கடையில் வேலை பார்த்தார். பையனுக்கு ஒன்பது வயதில் கிடார் வாங்கித் தந்தது அம்மாதான். அந்த வயதில் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார். அதில் பாடிய ஹெலன் ஷபீரோ, சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த பாடகியாகிவிட்டார். தன் கண்ணெதிரே ஒரு தெருத் தோழி நட்சத்திரமானதைப் பார்த்த பையன் இவர்.

உடுத்துவதில் அப்போதே பைத்தியம். 1962-இல், 14 வயதில், ‘டவுன்’ என்ற பத்திரிகை லண்டனின் நாகரிக இளைஞர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இவர் படமும் வந்தது. எடுத்தவர் பின்னாளில் போர்ப் புகைப்படங்களால் புகழ்பெற்ற டான் மெக்கல்லின். எந்தத் துறையில் என்பது அப்போது முடிவாகவில்லை. பெயர் வாங்குவது என்பது மட்டும் முடிவாகியிருந்தது.

1965-இல் டெக்கா நிறுவனத்துக்காக முதல் சிங்கிள். ஓடவில்லை. 1967-இல் ஜான்ஸ் சில்ட்ரன் என்ற குழுவில் சில மாதம் கிடார் வாசித்தார். ‘தி ஹூ’ குழுவோடு ஜெர்மனிக்குப் போன அந்தப் பயணத்தில் மேடையை உடைப்பதும் ரகளை செய்வதுமாக இருந்ததில், இசை காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

டைரனோசரஸ் ரெக்ஸ் என்பது வேறு குழுவா?

அதே குழுதான், பழைய பெயர். ஆனால் இசை அடியோடு வேறு. 1967-இல் போலன் மின்கிடார், டிரம்ஸ் என்று ஒரு குழுவைச் சேர்த்து, சரியாக ஒத்திகைகூடப் பார்க்காமல் கோவென்ட் கார்டனில் மேடையேறினார். மானம் போனது. மிஞ்சியது இருவர்: போலனும், ஸ்டீவ் பெரிக்ரின் டுக் என்ற இளைஞரும். டுக் அடிப்படையில் டிரம்ஸ் வாசிப்பவர், வாடகை கட்ட டிரம்ஸையே விற்றுவிட்டு, கையால் தட்டும் சின்ன மேளமான பாங்கோவுக்கு வந்தார் என்பார்கள். பெரிக்ரின் டுக் என்பதுகூட ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதையில் வரும் பாத்திரத்தின் பெயர்.

இங்கே நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. ஜெர்மனியிலிருந்து திரும்பும் வழியில் லக்ஸம்பர்க்கில் ரவிசங்கரின் சிதார் கச்சேரியைக் கேட்டார்கள், மேடையில் விரிப்பு விரித்துச் சம்மணமிட்டு உட்கார்வது, ஊதுபத்தி ஏற்றுவது இரண்டையும் போலன் அங்கேதான் பிடித்துக்கொண்டார் என்று அவருடைய அன்றைய மேலாளர் சைமன் நேப்பியர்-பெல் சொல்லியிருக்கிறார். அப்படியே இரண்டு ஆண்டு, ஒரு கிடார், ஒரு ஜோடி பாங்கோ, மந்திரவாதிகளும் தேவதைகளும் உலவும் பாட்டுகள். அவர்களை வானொலியில் தூக்கிப் பிடித்தவர் ஜான் பீல். முதல் ஆல்பத்தில் பீல் ஒரு குட்டிக் கதையே வாசித்திருக்கிறார்.

அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் நியூயார்க் புரூக்ளினிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த டோனி விஸ்கான்டி. யூஎஃப்ஓ என்ற கிளப்பில் இவர்களைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1969 அமெரிக்கப் பயணத்தோடு டுக் வெளியேற்றப்பட்டார். அவருடைய போதைப் பழக்கம் ஒரு காரணம். தன் பாட்டுகளையும் ஆல்பத்தில் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டதும், போலன் மறுத்ததும் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம்தான் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் முன்னோட்டம் என்று நினைக்கிறேன். டுக்கின் இடத்துக்கு மிக்கி ஃபின் வந்தார். காங்கா என்ற உயரமான கைமேளம் வாசிப்பார், ரொம்ப அழகாக இருப்பார்.

திடீரென்று எப்படிப் புகழ் வந்தது?

1970 அக்டோபரில் ‘ரைட் எ ஒயிட் ஸ்வான்’ வெளியானது. பெயரை டி. ரெக்ஸ் என்று சுருக்கியதும் அப்போதுதான். இரண்டேகால் நிமிடப் பாட்டு. மின்கிடார், கைத்தட்டல், பின்னால் கொஞ்சம் வயலின், அவ்வளவுதான். வரிகளில் பழைய மந்திர உலகம் அப்படியே இருக்கிறது. தாளம் மட்டும் 1950களின் ராக் அண்டு ரோல். மெதுவாக ஏறி, 1971 ஜனவரியில் இரண்டாம் இடம் வரை வந்தது. முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது கிளைவ் டன் என்ற நகைச்சுவை நடிகர் தாத்தாக்களைப் பற்றிப் பாடிய பாட்டு.

உடனே போலன் முழுக் குழுவாக்கினார். பேஸ் கிடாருக்கு ஸ்டீவ் கரி, டிரம்ஸுக்கு பில் ஃபைஃபீல்ட். ஃபைஃபீல்ட் முன்பு வாசித்த குழுவின் பெயர் லெஜண்ட், அதனால் அவரை பில் லெஜண்ட் ஆக்கிவிட்டார். அடுத்த பாட்டு ‘ஹாட் லவ்’ 1971 மார்ச்சில் முதலிடத்துக்குப் போய் ஆறு வாரம் அங்கேயே இருந்தது.

அந்தப் பாட்டுக்காக ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ டிவி நிகழ்ச்சிக்குப் போனபோது, சாட்டின் உடையில் இருந்த போலனின் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஜிகினா மின்னியது. அதைத் தடவிவிட்டவர் செலிட்டா செகுண்டா என்ற தோழி. வேறு ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. மறு வாரம் முதல் கச்சேரிக்கு வருகிற பிள்ளைகள் எல்லோர் முகத்திலும் ஜிகினா. கிளாம் பிறந்த நாள் என்று பலரும் குறிப்பது அந்த ஒளிபரப்பைத்தான்.

பார்ப்பதற்குப் பளபளப்பு, சரி. இசையில் சரக்கு இருந்ததா?

இருந்தது, நிறையவே. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

‘கெட் இட் ஆன்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். 1971 ஜூலையில் வெளிவந்து நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. லண்டன் ட்ரைடண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. கிடார் நடை, 1950களின் அமெரிக்க ராக் அண்டு ரோல் பாடகர் சக் பெரியின் ‘லிட்டில் குயீனி’யிலிருந்து வந்தது. போலன் அதை மறைக்கவில்லை. பாட்டு அடங்குகிற இடத்தில் சக் பெரியின் வரி ஒன்றையே முணுமுணுக்கிறார். ஆனால் சக் பெரியிடம் வேகமாக ஓடும் அந்த நடை இங்கே நிதானமாக, இடுப்பை அசைத்து நடக்கிறது. போலன் கத்துவதில்லை. மைக்குக்கு மிக அருகில் வந்து, குரலில் லேசான நடுக்கத்தோடு, காதுக்குள் சொல்வதுபோலப் பாடுகிறார்.

அதற்கு மேல் ஹோவர்ட் கெய்லன், மார்க் வோல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்களின் உச்சக் குரல்கள். இவர்கள் முன்பு டர்ட்டில்ஸ் குழுவில் பாடியவர்கள். அந்தக் குரல்களைத் தனியாகக் கேட்டால் கொஞ்சம் விசித்திரமாகக்கூட இருக்கும். போலனின் தாழ்ந்த குரலோடு சேரும்போதுதான் பாட்டு எழும்பி நிற்கிறது. கிங் கிரிம்சன் குழுவின் இயன் மெக்டொனால்ட் சாக்ஸபோன் வாசித்திருக்கிறார். அப்புறம், பாட்டு நெடுக பியானோ கட்டைகளின் மேல் விரலை ஓட்டிச் சறுக்கும் ஒரு ஒலி வரும். அது ரிக் வேக்மன், அப்போது வாடகைக்குக் கையில் காசில்லாத இளைஞர். ‘இந்தப் பாட்டுக்குப் பியானோவே வேண்டாமே’ என்று அவர் கேட்டதாகவும், ‘உனக்கு வாடகை கட்ட வேண்டும் அல்லவா’ என்று போலன் சொன்னதாகவும் வேக்மனே பிறகு சொல்லியிருக்கிறார். சம்பளம் 9 பவுண்டு.

இத்தனைக்கும் நடுவில் செல்லோ, வயலின்களை எழுதிச் சேர்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தவர் விஸ்கான்டி. பன்னிரண்டு பார் கொண்ட சாதாரண ராக் அண்டு ரோல் சட்டகத்தை இவ்வளவு செழிப்பாக்க முடியும் என்று காட்டியது இந்தக் கூட்டணி. போலனிடம் மெட்டும் கவர்ச்சியும் இருந்தன, ஒலி எல்லோருடையதும். அது அவருக்குக் கடைசிவரை புரிந்ததா என்பதுதான் இந்தக் குழுவின் கதை.

ரசிகர் கூட்டம் எப்படி இருந்தது?

‘எலெக்ட்ரிக் வாரியர்’ ஆல்பம் 1971 செப்டம்பரில் வந்து மொத்தம் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1972-இல் ‘டெலிகிராம் சாம்’, ‘மெட்டல் குரு’ இரண்டும் முதலிடம். பீட்டில்ஸுக்குப் பிறகு இப்படி ஒரு அலறலைக் கேட்டதில்லை என்று பத்திரிகைகள் எழுதின, ‘டி. ரெக்ஸ்டஸி’ என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்.

1972 மார்ச் 18, வெம்பிளி எம்பயர் பூல் அரங்கம், ஒரே நாளில் இரண்டு காட்சி. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார், தானும் ஒரு கேமராவைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்று அதைப் படமாக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் ‘பார்ன் டு பூகி’ என்ற பெயரில் வெளியானது. மேடையைவிட முன்வரிசை முகங்களைப் பாருங்கள். கண்ணீர், ஜிகினா, தொண்டை கிழியும் கத்தல். அந்தப் பிள்ளைகளுக்கு அது என்னவாக இருந்தது என்று அதில் தெரியும்.

பழைய ரசிகர்கள் ஏன் கோபித்துக்கொண்டார்கள்?

விரிப்பில் உட்கார்ந்து பாடியவர் எழுந்து மின்கிடாரைத் தூக்கியதும், ‘விலைபோய்விட்டார்’ என்றார்கள். ஜான் பீலுக்கு ‘கெட் இட் ஆன்’ பிடிக்கவில்லை, அதை வெளிப்படையாகவே காட்டினார். நட்பு அத்தோடு முறிந்தது. பீல் பாட்டை மதிப்பிட்டது தவறு என்பேன். ஆனால் வளர்த்துவிட்ட நண்பர் ஒரே ஒரு பாட்டைக் குறை சொன்னதற்காக அவரை முழுவதுமாக விலக்கியது அதைவிடப் பெரிய தவறு.

போவியைப் பார்த்துதான் போலன் வேஷம் போட்டாரா?

இல்லை. கால வரிசையே வேறு. போலன் ஜிகினாவோடு டிவியில் தோன்றியது 1971 மார்ச். போவி ‘ஸ்டார்மேன்’ பாட்டோடு அதே நிகழ்ச்சிக்கு வந்தது 1972 ஜூலை. இருவரும் 1960களின் நடுவில் ஒரே மேலாளரிடம் இருந்தவர்கள். மேலாளரின் அலுவலகச் சுவருக்குச் சேர்ந்து பெயிண்ட் அடித்த கதையை இருவர் பக்கமும் சொல்வார்கள். போவியின் 1970 சிங்கிள் ஒன்றில் போலன் கிடார் வாசித்திருக்கிறார். இருவருக்கும் விஸ்கான்டிதான் தயாரிப்பாளர். போட்டியும் பாசமும் கலந்த உறவு.

ஒரு வித்தியாசம் உண்டு. போவி ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தன்னை மாற்றிக்கொண்டார், புதிய ஆட்களைத் தேடினார், அவர்கள் சொன்னதைக் கேட்டார். போலன் 1971-இல் கண்டுபிடித்த உருவத்தைவிட்டு நகர மறுத்தார்.

அமெரிக்காவில் ஏன் எடுபடவில்லை?

‘கெட் இட் ஆன்’ மட்டும் 1972-இல் பத்தாவது இடம் வரை போனது, அதுவும் வேறொரு பாட்டோடு குழப்பம் வராமலிருக்கப் பெயரை ‘பேங் எ காங்’ என்று மாற்றிய பிறகு. அங்கே ராக் கச்சேரிக்கு வந்தவர்கள் வயதில் மூத்தவர்கள், கிடார் வித்தையை எதிர்பார்த்தவர்கள். பதின்வயதுப் பெண்களின் அலறல் பின்னால் இல்லாதபோது போலனின் மேடை அலங்காரம் அவர்களிடம் எடுபடவில்லை.

சரிவு எப்போது, எதனால் தொடங்கியது?

வழக்கமான பதில், ‘கிளாம் காலம் முடிந்தது, இவரும் முடிந்தார்’ என்பது. தேதிகளைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. 1973-இல் ஸ்லேட், ஸ்வீட், மட் எல்லோரும் உச்சத்தில் இருந்தார்கள். கிளாம் நன்றாக இருக்கும்போதே டி. ரெக்ஸ் இறங்கத் தொடங்கியது.

பாட்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1973 மார்ச்சில் ‘ட்வென்டியத் செஞ்சுரி பாய்’ மூன்றாம் இடம். ஜூனில் ‘தி க்ரூவர்’ நான்காம் இடம். நவம்பரில் ‘ட்ரக் ஆன்’ 12. 1974 தொடக்கத்தில் ‘டீனேஜ் ட்ரீம்’ 13. அதே ஆண்டு முடிவில் ‘ஜிப் கன் பூகி’ 41.

இதில் முதல் காரணம் அளவுக்கு மீறிய வெளியீடு. முழுப் பழியும் போலன் மேல் இல்லை. அவர் ஃப்ளை என்ற இசைத்தட்டு நிறுவனத்தைவிட்டு, இஎம்ஐ நிறுவனம் வழியாகத் தன் சொந்த லேபிளுக்குப் போனதும், ஃப்ளை தன்னிடமிருந்த பழைய பதிவுகளை எல்லாம் சந்தையில் கொட்டியது. 1972 மே மாதம் பழைய டைரனோசரஸ் ரெக்ஸ் ஆல்பங்கள் இரண்டு சேர்ந்த தொகுப்பு முதலிடம். அதே மாதம் ‘போலன் பூகி’ என்ற தொகுப்பும் முதலிடம். இரண்டு மாதம் கழித்து வந்த புதிய ஆல்பமான ‘தி ஸ்லைடர்’ நான்காம் இடம்தான். இத்தனைக்கும் அது அருமையான ஆல்பம்.

இரண்டாவது, மாற்றமின்மை. ஒரே மாவில் எத்தனை நாளைக்குத் தோசை சுடுவது? ரசிகைகளுக்குப் பதினைந்து பதினாறு வயதாகிவிட்டது. பாட்டில் அதே பூகி, அதே கார்கள், அதே விண்வெளிச் சொற்கள்.

மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ‘இது சரியில்லை’ என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1973-இல் வந்த ‘டாங்ஸ்’ ஆல்பத்தில் கெய்லன், வோல்மன் குரல்கள் இல்லை. கேட்டவுடனே ஒரு வெறுமை தெரியும். ஜூன் என்ற அவருடைய மனைவி, 1970 முதல் வரவு செலவு, ஒப்பந்தம், பத்திரிகை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர், போலனை முகத்துக்கு நேராகத் திட்டக்கூடியவர். பாடகி குளோரியா ஜோன்ஸோடு போலனுக்கு உறவு ஏற்பட, அந்த மணவாழ்க்கை முறிந்தது. 1973 கடைசியில் பில் லெஜண்ட் விலகினார். 1974 ‘ஜிங்க் அலாய்’ ஆல்பத்தோடு விஸ்கான்டியும் போனார். அச்சு மாறாத வேலையில் அவருக்குச் சலிப்பு வந்திருந்தது. அடுத்த ஆண்டு மிக்கி ஃபின், அதற்கடுத்த ஆண்டு ஸ்டீவ் கரி.

1975 பிப்ரவரியில் வந்த ‘போலன்ஸ் ஜிப் கன்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் போலனே. நான் முதலில் சொன்ன, தரவரிசையில் இடமே பெறாத ஆல்பம் அதுதான். கேட்டுப் பாருங்கள்: மெட்டுகள் இருக்கின்றன, ஆனால் ‘இந்த இடத்தை வெட்டு, இன்னொருமுறை பாடு’ என்று சொல்ல ஸ்டுடியோவில் ஆளில்லை என்பது பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது.

போதையும் குடியும் காரணமில்லையா?

நிலைமையை மோசமாக்கின. கொக்கெயின், பிராந்தி, உடல் பருத்துப்போனது எல்லாம் உண்மை. பிரிட்டனில் அதிக வருமானத்துக்கு 83 சதவீதம் வரை வரி இருந்த காலம் அது. அதற்குப் பயந்து மான்டி கார்லோவிலும் அமெரிக்காவிலுமாக ரசிகர்களைவிட்டு விலகி வாழ்ந்ததும் சேர்ந்துகொண்டது. ஆனால் குடித்துக்கொண்டே நல்ல ஆல்பம் போட்டவர்கள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. இவர் தனியாகிப்போனதுதான் முதல் சேதம்.

பங்க் இசை வந்ததும் காணாமல் போய்விட்டாரா?

நேர்மாறாக நடந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1975 செப்டம்பரில் மகன் ரோலன் பிறந்த பிறகு போலன் மெல்லத் தன்னைச் சரிசெய்துகொண்டார். 1976-இல் ‘ஐ லவ் டு பூகி’ 13-ஆம் இடம் பிடித்தது. மூத்த ராக் நட்சத்திரங்கள், வேகமும் முரட்டுத்தனமுமான எளிய ராக் வாசித்த பங்க் இளைஞர்களைப் பார்த்து முகம் சுளித்தபோது, போலன் ‘தி டேம்ன்ட்’ என்ற பங்க் குழுவைத் தன் 1977 மார்ச் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பையன்கள் பள்ளி நாட்களில் போலன் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். ‘டேண்டி இன் தி அண்டர்வேர்ல்ட்’ ஆல்பத்தில் குரல் இளைத்து, தெளிந்து, பழைய குறும்போடு திரும்பியிருக்கிறது.

அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் மான்செஸ்டரின் கிரனாடா டிவியில் ‘மார்க்’ என்று ஆறு வாரத் தொடர். பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும் நேரம். தி ஜாம், ஜெனரேஷன் எக்ஸ், பூம்டவுன் ராட்ஸ் போன்ற புதுக் குழுக்களை அதில் பாடவைத்தார். கடைசி நிகழ்ச்சியின் பதிவு செப்டம்பர் 7. விருந்தினர் டேவிட் போவி. ‘ஹீரோஸ்’ பாடிவிட்டு, முடிவில் போலனோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். இரண்டு பேரும் கிடாரோடு நிற்கிறார்கள், தாளம் பிடிக்கிறது, போலன் மைக்கை நோக்கி அடியெடுத்து வைக்கும்போது கால் தவறி மேடையிலிருந்து கீழே போகிறார். போவி சிரிக்கிறார். ஊழியர்களின் வேலை நேரம் முடிந்துவிட்டதால் மறுபடி எடுக்க முடியவில்லை. அதையே ஒளிபரப்பினார்கள், செப்டம்பர் 28 அன்று. அதற்குள் போலன் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

விபத்து எப்படி நடந்தது?

1977 செப்டம்பர் 16 விடியற்காலை. மேஃபேரில் ஓர் உணவகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி. ஊதா நிற மினி காரை ஓட்டியவர் குளோரியா ஜோன்ஸ். பார்ன்ஸில் குயீன்ஸ் ரைடு சாலையில் ஒரு பாலத்தைத் தாண்டியதும் கார் வேலிக் கம்பத்தில் மோதி மரத்தில் நின்றது. போலன் அங்கேயே இறந்தார். ஜோன்ஸுக்குப் பலத்த காயம். பாட்டுக்குப் பாட்டு கார்களை எழுதிய போலன் கடைசிவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

சில ரசிகர்கள் இன்னமும் ஜோன்ஸைத் திட்டுவதைப் பார்க்கிறேன். அது அநியாயம். கணவராக வாழ்ந்தவரை இழந்து, உடைந்த உடம்போடு, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையை வளர்த்தவர் அவர். பின்னாளில் சியரா லியோனின் மக்கேனி ஊரில் போலன் பெயரில் இசைப் பள்ளியும் நடத்தினார்.

சம்பாதித்த பணம் என்ன ஆனது?

பெரும்பகுதி பஹாமாஸ் போன்ற இடங்களில் வரிக்காக உருவாக்கப்பட்ட நிறுவனங்களில் சிக்கிக்கொண்டது. பெற்றோர் சட்டப்படி மணம் செய்துகொள்ளாததால் மகன் ரோலனுக்குச் சொத்து வரவில்லை. அவருடைய பள்ளிச் செலவுக்கு உதவியவர் டேவிட் போவி. அதை அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ரோலன்தான் பிறகு சொன்னார்.

மற்ற உறுப்பினர்கள்?

டுக் 1980-இல் 31 வயதில் இறந்தார். ஸ்டீவ் கரி 1981-இல் போர்ச்சுகலில் கார் விபத்தில். மிக்கி ஃபின் 2003-இல். 2020-இல் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் டி. ரெக்ஸைச் சேர்த்தபோது அறிமுக உரை சொன்னவர் ரிங்கோ ஸ்டார். போலன், ஃபின், கரி, லெஜண்ட் நால்வர் பெயரும் இருந்தன. டுக் பெயர் இல்லை. அந்த முதல் மூன்று ஆல்பங்களைக் கேட்டவர்களுக்கு அது உறுத்தும்.

இவர்கள் பாட்டு பிறகு யாரிடம் போனது?

போலன் சக் பெரியிடம் எடுத்ததை மற்றவர்கள் போலனிடம் எடுத்தார்கள். ஓயசிஸ் குழுவின் ‘சிகரெட்ஸ் அண்டு ஆல்கஹால்’ தொடங்கும்போதே ‘கெட் இட் ஆன்’ கேட்கும். ஸ்மித்ஸ் குழுவின் ‘பேனிக்’கை ‘மெட்டல் குரு’வுக்கு அடுத்துப் போட்டால் விளக்கமே வேண்டாம், அந்தக் குழுவின் பாடகர் மொரிசி சிறுவனாகப் போன முதல் கச்சேரியே டி. ரெக்ஸ்தான். 1985-இல் பவர் ஸ்டேஷன் என்ற குழு ‘கெட் இட் ஆன்’ பாட்டைத் திரும்பப் பாடி அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் பிடித்தது, மூலத்தைவிட ஒரு படி மேலே.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘எலெக்ட்ரிக் வாரியர்’ முழுதாக. அப்புறம் ‘தி ஸ்லைடர்’. பெரிய சிங்கிள்களில் பல, முதலில் வந்த ஆல்பங்களில் இல்லை. ‘ஹாட் லவ்’, ‘ட்வென்டியத் செஞ்சுரி பாய்’, ‘சில்ட்ரன் ஆஃப் தி ரெவல்யூஷன்’ மூன்றையும் தனியாகத் தேடிக் கேட்க வேண்டும். பிறகு பின்னோக்கிப் போய் டுக்கோடு செய்த ‘யுனிகார்ன்’ (1969), அங்கிருந்து தாவி ‘டேண்டி இன் தி அண்டர்வேர்ல்ட்’. ‘ஜிப் கன்’ ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால், ‘எலெக்ட்ரிக் வாரியர்’ ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு ‘காஸ்மிக் டான்சர்’. ஹெட்போனில் கேளுங்கள். முதல்முறை போலன் குரலுக்காக, இரண்டாம்முறை பின்னால் விஸ்கான்டி எழுதிய வயலின்களுக்காக.